மாஹிம் கழிக்கரையில் இரு மொழிகள்

மும்பை மாநகரில், மித்தி ஆறு அரபிக் கடலோடு கலக்கும் கழிமுகத்தின் தென்கரையில் அமைந்திருப்பது மாஹிம். பழைய பம்பாய் ஏழு தீவுகளாகச் சிதறிக் கிடந்த காலத்தில் அவற்றுள் ஒன்றாக விளங்கியது இவ்வூர். இதன் கிழக்கே தாராவி, தென்கிழக்கே மாதுங்கா, இன்னும் கிழக்கே சென்றால் செம்பூர். இம்மூன்றும் தமிழர் பெருகி வாழும் இடங்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். மாஹிம் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கித் தாராவியை நோக்கி நடப்பவர் காதில் மராத்தி விழும், இந்தி விழும், உருதும் குஜராத்தியும் விழும், சிறிது தூரத்திற்குள்ளாகவே நெல்லைச் சீமைத் தமிழும் விழும். ஆனால் வழியிலுள்ள அலுவலக அறிவிப்புகளிலும் பள்ளிப் பாடநூல்களிலும் காணப்படும் மொழி வேறு. ஒரே மொழியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், தெருவில் ஒலிப்பது ஒன்று, தாளில் நிற்பது மற்றொன்று.

இந்த வேற்றுமை நேற்று முளைத்ததன்று. இக்கழிக்கரையின் வரலாறும் இதனைச் சூழ்ந்த ஊர்களின் வரலாறும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இதனையே பல வடிவங்களில் காட்டி வருகின்றன. உயர்ந்த இடத்திலிருந்தோர் எப்பொழுது மக்கள் மொழிக்கு இறங்கி வந்தனர்? மக்கள் எப்பொழுது உயர்மொழிக்கு ஏறிச் செல்ல வேண்டியதாயிற்று? இவ்விரு வினாக்களையும் இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

மொழிக்கு இரண்டு நிலைகள் உண்டு என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியம் வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் கருத்திற் கொண்டே இலக்கணம் வகுத்தது. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்து, பல திசை மக்கள் வழங்கும் சொற்களுக்கும் இடம் தந்தது. பிற்காலத்தார் செந்தமிழ் என்றும் கொடுந்தமிழ் என்றும் பிரித்துப் பேசினர். 1959-ஆம் ஆண்டில் சார்லஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் இந்நிலையை உலக மொழிகளில் வைத்து ஆராய்ந்தார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து நாட்டு ஜெர்மன், ஹைட்டித் தீவின் மொழி ஆகிய நான்கையும் அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய நடையையும் பேச்சு நடையையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, பெர்குசனும் கம்பர்ஸும் பதிப்பித்த தொகுப்பில் வெளிவந்தது. பெயர் புதிது, நிலை பழையது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒன்று மாஹிமுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள பரேலில் கிடைத்திருக்கிறது. அது சிலாஹார மன்னன் அபராதித்தனின் கல்வெட்டு. 1187-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயில் வழிபாட்டுக்காக விடப்பட்ட அறக்கொடை ஒன்றை அது கூறுகிறது. மன்னனின் பெருமையும், கொடையின் விவரமும், நாளும் கோளும் வடமொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இறுதிக்கு வரும்பொழுது மொழி மாறிவிடுகிறது. இக்கொடைக்குத் தீங்கு செய்பவன் குடும்பத்தோடு அழிவான் என்னும் சாபமும், அச்சில் ஏற்றக் கூசும் ஒரு வசையும் மராத்தியில் உள்ளன! அந்த வசையில் கழுதை ஒன்று வருகிறது. எழுத்தறியாதவரும் அஞ்சும்பொருட்டு இத்தகைய கற்களில் அந்த வசையை உருவமாகவே செதுக்கி வைப்பதும் உண்டு. கொங்கணக் கரையெங்கும் இவை கழுதைக் கற்கள் என்றே பெயர் பெற்றுள்ளன.

இதன் காரணத்தை ஊகிப்பது அரிதன்று. மன்னனின் புகழை மக்கள் புரிந்துகொள்ளாவிட்டாலும் குறைவில்லை. அது கேட்டு வியப்பதற்கே அமைந்தது. சாபமோ புரிந்தாக வேண்டும். புரியாத சாபத்துக்கு அஞ்சுவார் யார்? ஆகவே, சொல் பலிக்க வேண்டிய இடத்தில் அரசாணை தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது.

நம் தமிழ்நாட்டுச் செப்பேடுகளும் இவ்வழியே சென்றன. பல்லவர் காலத்துக் காசாக்குடிச் செப்பேட்டையோ, சோழர் காலத்துப் பெரிய லெய்டன் செப்பேட்டையோ எடுத்துப் பார்ப்போம். குலப்பெருமை வடமொழியில் இருக்கும். நிலத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வாய்க்கால், எந்த வரி என்பன தமிழில் இருக்கும். புகழுக்கு ஒரு மொழி, பயனுக்கு ஒரு மொழி என்பதே அன்றைய அரசுகளின் நடைமுறை.

மாஹிமுக்குத் திரும்புவோம். இவ்வூரின் பெயர் மஹிகாவதி என்பதிலிருந்து வந்தது என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பிம்பன் என்னும் அரசன் இங்கே தலைநகர் அமைத்தான் என்பது பழைய மரபு. அம்மரபைத் தாங்கி நிற்கும் நூல் ‘மஹிகாவதிச்சீ பகர்’. பலர் கைப்பட்டு வளர்ந்த இந்நூலை வரலாற்றறிஞர் வி. கா. ராஜ்வாடே 1924-இல் பதிப்பித்து வெளியிட்டார். இதிலுள்ள செய்திகள் எல்லாம் வரலாறாகா என்று அறிஞர் வாதிடுவதுண்டு. ஆயினும் ஊர்களையும் குலங்களையும் உரிமைகளையும் பற்றிய நினைவுகள் மராத்தி மொழியில் எழுதிக் காக்கப்பட்டன என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அந்த மராத்திக்கு 1290-ஆம் ஆண்டளவிலேயே ஞானேசுவரர் பெருவாழ்வு தந்திருந்தார். வடமொழிக் கீதையின் பொருளை நாட்டு மக்களின் மொழியில் விரித்துரைத்தார் அவர்.

பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் மாஹிமில் வாழ்ந்த பேரறிஞர் மக்தூம் அலி மாஹிமி. குர்ஆனுக்கு அவர் இயற்றிய விளக்கவுரை அரபு மொழியில் அமைந்தது. அரபு உலகத்து அறிஞரும் மதித்த அந்நூலைப் பயில்வோர் இன்றும் சிலரே. ஆனால் அவருடைய தர்காவை நாடி வருவோர் பல்லாயிரவர். ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் மாஹிம் சந்தனக்கூட்டில் மும்பைக் காவல் துறையினரே முதல் ஊர்வலத்தை நடத்துவது மரபாகி இருக்கிறது. அங்கே வேண்டுதல் செய்வோர் மராத்தியில் வேண்டுகின்றனர். உருதுவிலும் குஜராத்தியிலும் தமிழிலும் வேண்டுகின்றனர். இலக்கணப் பிழையைக் காட்டி எவர் வேண்டுதலையும் அங்கே யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

1534-ஆம் ஆண்டின் பசேன் உடன்படிக்கையால் இத்தீவுகள் போர்ச்சுகீசியர் வசமாயின. மாஹிமில் உள்ள தூய மிக்கேல் ஆலயம் அக்காலத்தில் தோன்றியது. சமயம் பரப்ப வந்த பாதிரிமார் ஓர் உண்மையை விரைவிலேயே கண்டுகொண்டனர். இலத்தீனும் போர்ச்சுகீசும் ஆலயத்துக்குப் போதும். மக்கள் மனத்துக்குப் போதா. கோவாவில் வாழ்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் ஸ்டீபன்ஸ் 1616-இல் ‘கிறிஸ்துபுராணம்’ என்னும் பெருநூலை மராத்தியில் அச்சிட்டார். தூய மராத்தி இப்பகுதியின் நடுத்தர மக்களுக்கு விளங்காது என்பதால், பழம்புலவரின் கடுஞ்சொற்களை விலக்கி எளிய சொற்களால் எழுதியதாக அவரே முகவுரையில் குறிப்பிடுகிறார். 1684-இல் கோவாவில் பிறந்த ஓர் ஆணையோ இதற்கு நேர்மாறானது. நாட்டு மக்கள் மூன்றாண்டுகளுக்குள் தங்கள் மொழியை விடுத்துப் போர்ச்சுகீசைப் பேசப் பழக வேண்டும் என்று அது விதித்தது. கோவாவின் மக்கள் இன்றும் கொங்கணியே பேசுகின்றனர் என்பதிலிருந்து அந்த ஆணையின் கதியை உணரலாம்.

இதே நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டின் தென்கோடியில் நடந்ததையும் இங்கே நினைத்தல் வேண்டும். ஏனெனில் பின்னாளில் தாராவியில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் அந்த நெல்லைச் சீமையிலிருந்தே வந்தனர். முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த அன்றிக் அடிகளார், பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழுக்குப் போர்ச்சுகீசு மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். புலவரின் தமிழுக்கு அன்று. கடற்கரை மக்கள் வாயில் வழங்கிய தமிழுக்கு! கொல்லத்தில் 1578-இல் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிய பழைய நூல். அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் இரண்டையும் தனித்தனியே மதித்தார். கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது; செந்தமிழுக்கும் வேறோர் இலக்கணம் செய்தார். நம் புலவர்கள் இலக்கணம் வகுக்கத் தகாதது என்று ஒதுக்கிய பேச்சுத் தமிழுக்கு, கடல் கடந்து வந்தோர் இலக்கணம் கண்டனர். அவர்களுக்கு மக்களோடு பேச வேண்டியிருந்தது என்பதே காரணம்.

1661-ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கைக்குப் பின், 1665-இல் பம்பாய் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. தாராவியின் விளிம்பில் அவர்கள் எழுப்பிய சிறு கோட்டை ஒன்று இன்றும் சிதைந்து நிற்கிறது. ஆளுநர் ஹார்னின் ஆணையால் 1737-இல் கட்டப்பட்டது என்று அதன் சுவரில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏடுகள் இதனை ரீவா கோட்டை என்கின்றன. மக்களோ இதனைக் ‘காலா கில்லா’, அதாவது கறுப்புக் கோட்டை என்றே அழைத்து வருகின்றனர். கல்லில் பொறித்த ஆளுநர் பெயர் ஆராய்ச்சியாளர்க்கே தெரியும். வாயில் வழங்கிய பெயரோ அப்பகுதிக்கே பெயராகிவிட்டது.

1909-ஆம் ஆண்டின் பம்பாய் விவரத் திரட்டு, தாராவியை மீனவர்களாகிய கோலியரின் பெருங்குப்பங்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இக்கோலியர் பேச்சும், இக்கரையின் பழைய கிறித்தவர் பேச்சும் கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வில், மராத்தியைப் பற்றி 1905-இல் வெளிவந்த ஏழாம் தொகுதியில், முறையாகப் பதிவு செய்யப்பட்டன. சென்னை மாகாணத்தில் அவ்வாய்வு முழு அளவில் நடைபெறவில்லை. ஆதலால் மாஹிம் மீனவரின் பேச்சுக்குக் கிடைத்த ஏட்டிடம், நெல்லை உழவரின் பேச்சுக்கு அந்நாளில் கிடைக்காமற் போயிற்று.

அந்த உழவரும் உழைப்பாளரும் தாராவிக்கு வந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. தாராவியின் முதல் தோல் பதனிடும் சாலை 1887-இல் அமைந்தது. பாந்திராவில் இருந்த ஆட்டிறைச்சிக் கொட்டில் அருகே இருந்ததும், கழியும் சதுப்புமாக இருந்த நிலம் மலிவாகக் கிடைத்ததும் தோல் தொழிலுக்கு ஏற்றவையாயின. தமிழ்நாட்டிலிருந்து தோல் வணிகரும் தொழிலாளரும் வந்தனர். 1913-இல் அவர்கள் பிள்ளையார் கோயில் எழுப்பினர். 1924-இல் தாராவியின் முதற் பள்ளிக்கூடம் தோன்றியது. அது தமிழ்ப் பள்ளிக்கூடம்.

மாதுங்காவின் கதை வேறு. 1896-இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின் 1898-இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டுக் கழகம், தாதர், மாதுங்கா பகுதிகளை ஒழுங்கான குடியிருப்புகளாக வகுத்தது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னாட்டார் அங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தோன்றியது.

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் இடையே உள்ள தொலைவு இரண்டொரு மைலே. ஆனால் பேச்சிலுள்ள தொலைவு பெரிது. ‘அவிய வந்தாவ’ என்பது ஓரிடத்துத் தமிழ். ‘அவா வந்தா’ என்பது மற்றோரிடத்துத் தமிழ். இருவரும் கடிதம் எழுதினால் ‘அவர்கள் வந்தார்கள்’ என்றே எழுதுவர். பேச்சு ஊரைக் காட்டும். அதனோடு சாதியையும் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்துத் தமிழுக்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை. இதனை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. வாயைத் திறந்த அளவிலேயே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, திருந்திய தமிழ் தலைநிமிர்ந்து நிற்க ஒரு படியாயிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கியபொழுது, எளியோரின் கருத்தை ஏட்டுத் தமிழிலேயே எடுத்துரைத்தார். உயர்நடை என்பது உயர்ந்தோரின் தனிச்சொத்து அன்று என்பதை அவ்விதழ் மெய்ப்பித்தது.

ஆகவே எழுத்து மொழியைக் கைவிட்டுப் பேச்சு மொழியே போதும் என்று நாம் முடிவு செய்வதற்கில்லை. கிரேக்கர் தங்கள் பழநடையை 1976-இல் அரசு வழக்கிலிருந்து விலக்கி, மக்கள் நடையை ஏற்றனர். தெலுங்கில் கிடுகு ராமமூர்த்தியும், வங்காளியில் 1914-இல் ‘சபுஜ் பத்ரா’ இதழைத் தொடங்கிய பிரமத சௌதுரியும் எழுத்தை வழக்கிற்கு நெருங்கி வரச் செய்தனர். தமிழில் 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தை வெளியிட்ட பாரதியார், எளிய சொல்லும் எளிய நடையும் உடைய காவியம் செய்வோரே மொழிக்குப் புதுவாழ்வு தருவோர் என்னும் கருத்தை முன்வைத்தார். எனினும் தமிழின் எழுத்து நடை தன் தனியுருவத்தை இன்றும் இழந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தாரும் நாகர்கோவிலாரும் கோவையாரும் மலேசியத் தமிழரும் மாதுங்காவாரும் தாராவியாரும் ஒரே நூலைப் படிப்பதற்கு அதுவே துணை நிற்கிறது.

குறை எங்கே இருக்கிறது எனின், மேலிருந்து கீழே செல்லும் சொல்லுக்குத் திறக்கும் வாயில், கீழிருந்து மேலே செல்லும் சொல்லுக்குத் திறப்பதில்லை என்பதிலேதான். சாபமிட விரும்பிய மன்னன் மக்கள் மொழியில் சபித்தான். வரி தண்ட விரும்பிய அரசு எல்லையை மக்கள் மொழியில் எழுதியது. சமயம் பரப்ப விரும்பிய பாதிரியார் மக்கள் மொழியைக் கற்றார். ஆனால் குழாயில் நீர் வரவில்லை என்று முறையிட விரும்பும் தொழிலாளியும், குடியிருப்புச் சான்று கேட்டு நிற்கும் தாயும் உயர்மொழியில் எழுதியாக வேண்டும். அதனை அறியாதவர் மனு எழுதுவோரிடம் பணம் கொடுத்துத் தம் துயரத்தைப் பிறர் நடையில் எழுதுவித்துக் கொள்கின்றனர். எழுதி முடித்த மனுவைப் படித்துக் காட்டினால், அது தம் கதைதானா என்று அவர்களுக்கே ஐயம் வரும்.

பள்ளியிலும் இதே நிலை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. தாராவிக் குழந்தை வீட்டில் நெல்லைத் தமிழ் பேசுகிறது. தெருவில் பம்பாய் இந்தி பேசுகிறது. முச்சந்தியை ‘நாக்கா’ என்கிறது. அறையைக் ‘கோலி’ என்கிறது. வகுப்பில் பாடநூல் தமிழ் வேறொரு முகத்தோடு எதிரே நிற்கிறது. அக்குழந்தையைப் பார்த்து ‘உனக்குத் தமிழ் தெரியவில்லை’ என்று சொல்வதா, ‘உனக்குத் தெரிந்த தமிழோடு இன்னொரு தமிழையும் கற்றுக்கொள்’ என்று சொல்வதா? முதற்சொல் குழந்தையின் வாயை மூடிவிடும். தன் தாயின் பேச்சையே இழிவாக எண்ணச் செய்யும். வாய் மூடிய குழந்தை நாளடைவில் தமிழ்ப் பள்ளியையே விட்டு அகலும். இரண்டாவது சொல் பேச்சைப் பறிக்காமலே எழுத்தைத் தரும்.

தெருமொழி இழிந்தது என்பாருக்கு ஒரு சிறு செய்தி கூறுவோம். தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ‘நாம்’. அவரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. மராத்தியிலும் இந்நுட்பம் உண்டு. ‘ஆபண்’ எனின் கேட்பவரும் உட்பட்டார். ‘ஆம்ஹீ’ எனின் உட்படார். ஏட்டு இந்தியில் இவ்வேறுபாடு இல்லை. பம்பாய்த் தெரு இந்தியில் ஒலிக்கும் ‘அபுன்’ என்னும் சொல் அந்த ‘ஆபண்’ வழி வந்ததாகவே கருதப்படுகிறது. தன்னைச் சொல்லவும் தன் கூட்டத்தைச் சொல்லவும் மும்பைத் தொழிலாளி அதனையே கையாள்கிறான். எந்தக் கழகமும் கூடி இச்சொல்லை ஆக்கவில்லை. பல மொழியினர் ஒரே தெருவில் வாழ நேர்ந்ததால் விளைந்தது இது.

வானொலியும் இந்த இரு மொழிகளுக்கு இடையே நின்று பணிசெய்து வந்திருக்கிறது. செய்திகளையும் சொற்பொழிவுகளையும் அது ஏட்டுத் தமிழில் தந்தது. உழவரோடு பேசும்பொழுது உழவர் தமிழையே கையாண்டது. 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றிய செய்திகள் வானொலி வழியாகப் பரவின. உழவர்கள் அதனை விரும்பிப் பயிரிட்டனர். ‘ரேடியோ நெல்’ என்று தாமே ஒரு பெயரும் சூட்டினர். ஆராய்ச்சி நிலையம் இட்ட பெயரில் ஊரும் எண்ணும் இருந்தன. உழவர் இட்ட பெயரில் அச்செய்தி தம்மிடம் வந்த வழி இருந்தது. விளங்கும் மொழியில் பேசினால் மக்கள் கேட்பதோடு நில்லாமல், மறுமொழியும் தருவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பரேல் கல்வெட்டைச் செதுக்கியவன் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. மக்களை அச்சுறுத்த வேண்டியபொழுது அவர்கள் மொழி பயன்பட்டது. அவர்களுக்கு உரிமை வழங்கவும், அவர்கள் குறையைக் கேட்கவும் அம்மொழி பயன்படலாகாதோ? முறையீட்டை வந்தவர் வாய்மொழியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளும் அலுவலர் வேண்டும். வீட்டுத் தமிழிலிருந்து ஏட்டுத் தமிழுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஆசிரியர் வேண்டும். தாராவி முதியோரின் பேச்சை, அது மறைவதற்கு முன், அன்றிக் அடிகளாரின் ஆர்வத்தோடு குறித்து வைக்கும் மாணவரும் வேண்டும்.

வடமொழியும் அரபும் போர்ச்சுகீசும் ஆங்கிலமும் இக்கரையில் அரியணை ஏறின. அவை விட்டுச் சென்ற நூல்களும் கற்களும் நமக்குச் செல்வங்களே. ஆனால் மாஹிம் கழியில் வலைவீசியவரும், தாராவியில் தோலைப் பதனிட்டவரும் என்ன பேசினர் என்பதில் மிகச் சிறிதே ஏடேறியது. அவ்விழப்பு இனியும் தொடராதிருக்க வேண்டுமாயின், எழுதத் தெரிந்த நாம் கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.